குச்சிக்கு எந்தப் பசை?

கேள்வி: அம்மா, வணக்கம். இரண்டு கயிறு பிடித்து ஆட்டும் முக்கோணப் பட்டம் ஒன்றைச் செய்தேன். ஓரக்குச்சிகள் இரண்டும் கார்பன் குழல்கள். வெளிவிட்டம் 6 மி.மீ., உள்விட்டம் 4 மி.மீ. நீளம் போதவில்லை என்பதால் உள்ளே ஒரு ஃபைபர் கிளாஸ் குச்சியைச் செருகி, இரண்டு துண்டுகளைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். பட்டம் முதல் முறை தரையில் மோதியபோதே இணைப்பு கழன்றுவிட்டது. உள்குச்சி பளபளப்புக் குறையாமல் அப்படியே வெளியே வந்துவிட்டது. இதைவிட வலுவான பசை எது?

பதில்: வேறு பசை வாங்கக் கிளம்பும் முன் கழன்ற அந்தக் குச்சியை இன்னொரு முறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உடைந்த பட்டம் யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது இணைப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைத்தான். பசை முழுவதும் ஒரு பக்கமே தங்கி, மறுபக்கம் துடைத்துவிட்டது போல இருந்தால், அந்த மறுபக்கத்தில் பசை ஒட்டவே இல்லை என்று பொருள். இரண்டு பக்கமும் பசை கிழிந்து படிந்திருந்தால் பசைதான் தோற்றிருக்கிறது: சரியாகக் கலக்கவில்லை, அல்லது இறுக நேரம் கொடுக்கவில்லை. பசை அசையாமல் இருக்க, குழல் மட்டும் நீளவாக்கில் பிளந்திருந்தால் அங்கே பசைக்கும் தோல்விக்கும் தொடர்பே இல்லை. இணைப்பின் அமைப்பில்தான் குறை.

உங்களுடையது முதல் வகை. பளபளப்புக் குறையாமல் வந்தது என்கிறீர்கள். பளபளப்பான பரப்பில் எந்தப் பசையும் நிற்காது. கார்பன், ஃபைபர் கிளாஸ் குச்சிகளில் பெரும்பாலானவை, பிசினில் நனைத்த இழைகளைச் சூடான அச்சு வழியே இழுத்துச் செய்யப்படுபவை. அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி வருவதற்கென்று பிசினோடு ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அதன் மிச்சம் குச்சியின் மேல் இருக்கும். அதை நீக்காமல் பசை தடவினால், பசை பிடிப்பது அந்த மெழுகுப் படலத்தைத்தான்.

ஆகவே ஒட்டப்போகும் நீளம் முழுவதையும் 180 எண் உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கிய சாம்பல் நிறம் வர வேண்டும். இழைகள் பிய்ந்து வெளியே தெரியும் அளவுக்குப் போகக் கூடாது. குழலின் உட்புறத்தை மறந்துவிடாதீர்கள். மெல்லிய கம்பியில் உப்புத்தாள் துண்டைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகினால் போதும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணியுங்கள். கார்பன் தூசியும் கண்ணாடி இழைத் தூசியும் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் கெடுதல். பிறகு சுத்தமான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துணியின் இடத்தை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய நான் நம்பும் ஒரே சோதனை தண்ணீர்தான். தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு முத்தாகத் திரண்டு உருண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் பரப்பு பசைக்குத் தயார். உலரவிட்டு, அதன் பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

இனி பசை. உள்குச்சியின் விட்டத்தை நீங்கள் எழுதவில்லை. 4 மி.மீ. குழலில் 3.8 மி.மீ. குச்சியைச் செருகியிருந்தால் சுற்றிலும் 0.1 மி.மீ. இடைவெளி இருக்கும். தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவுக்கு இது அதிகம். அது சுமார் 0.05 மி.மீ. வரைதான் நிரப்பும். காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகும் பசை அது. படலம் தடிமனாக இருந்தால் நடுப்பகுதி இறுக வெகுநேரம் ஆகும். இறுகினாலும் கண்ணாடி போல மொறுமொறுவென்று இருக்கும். நிலையாக இழுத்தால் தாங்கும், திடீரென்று அடித்தால் விட்டுவிடும். பட்டத்தின் வாழ்க்கையில் திடீர் அடிக்குப் பஞ்சமே இல்லை. கார்பன் குழல் செருகலுக்கு நான் பயன்படுத்துவது மெதுவாக இறுகும் எபாக்ஸி ஒன்றைத்தான்: பிசினும் அதை இறுக வைக்கும் கடினமாக்கியும் தனித்தனிக் குழாய்களில் வரும், இரண்டையும் கலந்து தடவ வேண்டிய பசை. அது இடைவெளியை நிரப்பும், கொஞ்சம் நெகிழ்வும் இருக்கும்.

ஆனால் எபாக்ஸி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.8 மி.மீ. குச்சி 40 மி.மீ. ஆழம் உள்ளே போனால் ஒட்டும் பரப்பு சுமார் 480 சதுர மி.மீ. ஒழுங்காக இறுகிய எபாக்ஸி சதுர மில்லிமீட்டருக்கு 1 கிலோ இழுப்பையாவது தாங்கும். அதாவது ஏறக்குறைய 480 கிலோ. அதில் கால்வாசிதான் தாங்கியது என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் கயிறு அதற்கு வெகுமுன்பே அறுந்துவிடும். நேர் இழுப்பில் பசை தோற்பதில்லை. இணைப்பைக் கொல்வது வளைவு. ஓரக்குச்சி வளையும்போது உள்குச்சி குழலின் வாயில் நெம்புகோலாக மாறி, சுவரை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. இழைகள் எல்லாம் நீளவாக்கில் மட்டுமே ஓடும் குழல் என்றால் அந்த இடத்தில் கீறல் விட்டு ஓரடி நீளத்துக்குக்கூடப் பிளந்துகொண்டு போகும். செருகும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் நெம்பும் விசை ஏறக்குறைய பாதியாகும். 6 மி.மீ. குழலுக்கு ஒவ்வொரு பக்கமும் 40 முதல் 50 மி.மீ. வரை நான் செருகுவேன். உள்குச்சியின் இரு முனைகளையும் கொஞ்சம் கூம்பாகச் சீவிவிட்டால் விறைப்பு ஒரே இடத்தில் திடீரென்று முடியாமல் படிப்படியாகக் குறையும்.

ஃபைபர் கிளாஸ் உள்குச்சியை இந்த இடத்துக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். கார்பனை ஒப்பிட்டால் அது மிகவும் வளையும். அந்த ஒரு இடம் மட்டும் கீல் வைத்தது போல மடங்க, இரண்டு வாய்களிலும் நெம்பல் கூடிவிடும். திடமான கார்பன் குச்சியே போடுங்கள். இரண்டு குழல்களின் முனைகளும் செங்குத்தாக வெட்டுப்பட்டு ஒன்றையொன்று இடைவெளியின்றி முட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, குழலை உருட்டிக்கொண்டே பொடிப்பல் ரம்பத்தால் அறுத்தால் சிலாம்பு எழாது. இங்கேதான் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவுக்கு நல்ல வேலை இருக்கிறது. வெட்டிய முனையில் ஒரு சொட்டு விட்டால் இழைகளுக்கு நடுவே ஊறி இறுகி, பிசிர் விடாமல் காக்கும்.

கடைசியாக, இரண்டு வாய்களுக்கும் வெளியே 10 முதல் 15 மி.மீ. அகலத்துக்குப் பாலியஸ்டர் நூலை நெருக்கமாக வரிந்து கட்டி, அதன் மேல் எபாக்ஸியை மெல்லிதாகத் தேய்த்து ஊறவிடுங்கள். பசை பார்க்கும் வேலையைவிட இந்தக் கட்டு பார்க்கும் வேலை பெரிது. குழல் வாய் விரிய நினைத்தால் நூல் விடாது.

பட்டத்தை மடித்து எடுத்துப்போக வேண்டுமென்றால் உள்குச்சியின் ஒரு பாதியை மட்டுமே ஒட்டுங்கள். மறுபாதி வெறும் செருகலாகவே இருக்கட்டும். காற்றில் பறக்கும்போது பாய்த்துணியின் இழுவிசையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: உள்குச்சியில் எபாக்ஸி தடவி குழலுக்குள் தள்ளினால் மெல்ல மெல்லத் தானாகவே வெளியே வருகிறது. கையை எடுத்தால் ஒரு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. பசையில் கோளாறா?

பதில்: பசை நன்றாகவே இருக்கிறது. குழலின் மறுமுனையில் மூடி மாட்டியிருப்பீர்கள், கழற்றிவிடுங்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கினால் திருப்பித் தள்ளுகிறதல்லவா, அதே காரியம்தான். உள்ளே சிக்கிய காற்று அமுங்குகிறது; சுற்றிலும் பசை அடைத்திருப்பதால் வெளியேற வழி இல்லை. மூடியைக் கழற்ற முடியாத இடமென்றால், உள்குச்சியின் மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு அரத்தால் இழுத்துவிடுங்கள். காற்று அந்த வழியே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பசையைக் குச்சியில் மட்டும் தடவினால் குழலின் விளிம்பு அதை வழித்துத் தள்ளிவிடும். வெளியே பெரிய வளையமாகப் பசை நிற்பதைப் பார்த்து நிறைய போட்டிருக்கிறோம் என்று திருப்தி அடைவோம், உள்ளே ஒன்றும் இருக்காது. குழலுக்குள் மட்டும் ஊற்றினால் குச்சி அதை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஒட்டுக்கு உதவாமல் எடை மட்டும் ஏறும். இரண்டிலும் மெல்லிய படலம் தடவி, திருகிக்கொண்டே செருகுங்கள். பசை ஆழத்தில் வழியாமலிருக்க, செருகும் அளவுக்குச் சற்று அப்பால் சிறு காகிதச் சுருளை அடைப்பாக வைக்கலாம்.

கேள்வி: ஐந்து நிமிட எபாக்ஸி, 24 மணி நேர எபாக்ஸி இரண்டில் எது நல்லது? ஐந்து நிமிட வகையில் கடினமாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் இறுகுமா?

பதில்: சேர்க்காதீர்கள். எபாக்ஸியில் பிசினும் கடினமாக்கியும் ஒன்றோடொன்று இணைந்துதான் திடப்பொருளாகின்றன. ஒன்று கூடினால் அந்தக் கூடுதல் இணையாமல் உள்ளேயே தங்கி, ஒட்டைப் பிசுபிசுப்பாகவோ நொறுங்குவதாகவோ ஆக்கிவிடும். துரிதமாக்கும் திரவத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுகிற பழக்கம் பாலியஸ்டர் பிசினுக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

ஐந்து நிமிடம் என்பது பசை கையில் வேலைக்கு ஒத்துழைக்கும் நேரம் மட்டுமே. ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கையாளலாம். முழு வலு வர ஒரு நாள் விட வேண்டும். ஐந்து நிமிட வகை முனை மூடி ஒட்டவும், மைதானத்தில் அவசரப் பழுது பார்க்கவும் போதும். வளைவு தாங்க வேண்டிய இணைப்புக்கு மெதுவான வகையே வேண்டும். வலு ஒரு காரணம், வெப்பம் இன்னொரு காரணம். விரைவு எபாக்ஸிகள் பல 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள், அதிலும் கண்ணாடியை ஒட்டி வைத்த கறுப்புக் குழல் அந்தச் சூட்டை எளிதில் எட்டும். பட்டத்தை இழுத்துக் கட்டிய நிலையில் காருக்குள் விடாதீர்கள்.

அளவுக் குவளையில் கலக்கிறீர்களா, தராசில் வைத்தா என்பதையும் கவனியுங்கள். உறையில் 1:1 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கன அளவு. இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால் எடை சமமாக எடுத்தால் விகிதம் தவறும். நிறம் ஒன்றாகிவிட்டதும் நிறுத்தாமல், அடியையும் ஓரத்தையும் வழித்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். குளிரான அறையில் இறுக நேரம் கூடும். 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டை நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் மூங்கில் குச்சியில் பட்டம் கட்டுகிறவன். நீளக் குச்சிக்கு ஒட்டுப் போடும்போது தச்சர்களின் வெள்ளைப் பசைதான் பயன்படுத்துகிறேன். அது பழைய முறை, எபாக்ஸிக்கு மாறு என்கிறார் நண்பர். மாறட்டுமா?

பதில்: மாற வேண்டாம். மூங்கிலுக்கும் மரத்துக்கும் வெள்ளைப் பசையைவிடப் பொருத்தமான பசை எனக்குத் தெரியாது. அதில் உள்ள தண்ணீரை நார் உறிஞ்சிக்கொள்ள, பசையும் நாருக்குள் இறங்கிக் காய்கிறது. நன்றாகப் பிடித்த ஒட்டை முறித்தால் பசை விடாது, பக்கத்து நார்தான் பிய்யும். எபாக்ஸியும் பிடிக்கும், ஆனால் எடையும் வேலையும் கூடும். கார்பனிலோ ஃபைபர் கிளாஸிலோ மட்டும் வெள்ளைப் பசையைப் போடாதீர்கள். தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே பால் போலவே நாட்கணக்கில் கிடக்கும்.

மூங்கிலில் பசை எதுவாக இருந்தாலும் தோலைக் கவனிக்க வேண்டும். வெளித்தோல் வழவழப்பானது, மெழுகுப் பூச்சு கொண்டது. தோலின் மேல் தடவிய பசை காய்ந்ததும் சருகாக உரிந்து வரும். ஒட்டும் பரப்பில் தோலே வரக் கூடாது. தோலை ஒட்டிய நார்தான் குச்சியிலேயே வலுவானது என்பதால் குச்சி முழுவதும் தோலைச் சீவிவிடவும் கூடாது. சாய்வாகச் சீவும்போது இதற்கு வழி கிடைக்கிறது. இரண்டு குச்சிகளையும் தோல் ஒரே பக்கம் இருக்கும்படி பிடித்து, ஒன்றைத் தோல் பக்கத்திலிருந்தும் மற்றதை உள்பக்கத்திலிருந்தும் சீவினால், பொருந்தும் முகங்கள் இரண்டும் வெறும் நாராக இருக்கும். சாய்வின் நீளம் தடிமனைப் போல் பத்து மடங்கு வேண்டும்: 5 மி.மீ. குச்சிக்கு 50 மி.மீ. கணு ஒட்டுக்குள் வராதபடி இடம் பாருங்கள். கணுவில் நார் நேராக ஓடாது, கத்தியும் சீராகப் போகாது.

இரண்டு முகங்களிலும் பசை தடவி, சேர்த்து, ஓரத்தில் சிறு சிறு முத்தாகப் பசை கசியும் அளவுக்கு அழுத்துங்கள். அதற்கு மேல் நெரித்தால் பசை முழுவதும் வெளியேறி ஒட்டு வறண்டுபோகும். பருத்தி நூலை அதே பசையில் நனைத்து, ஒட்டின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் வரிந்து கட்டுங்கள். வெள்ளைப் பசைக்கு ஒரு பலவீனம் உண்டு: விடாத இழுப்பில் மெல்ல மெல்ல இழுபடும். வில்லாக வளைத்து நாண் கட்டிய குச்சியில் அது நடக்கும். நூல் கட்டு இருந்தால் நடக்காது. ஓர் இரவு முழுவதும் காய்ந்த பிறகே வளையுங்கள். ஈரமான புல்வெளியில் பட்டம் விழுந்து கிடக்கும் என்றால் சாதாரண வகையை விட்டு, நீர் தாங்கும் வகை என்று உறையில் போட்டிருப்பதை வாங்குங்கள்.

உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்: பழைய முறை என்பதால் நான் பரிந்து பேசவில்லை. மூங்கிலின் நாருக்கு அந்தப் பசைதான் ஏற்றது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். பட்டம் ஒட்டும்போது சூப்பர் க்ளூ பட்டு இரண்டு விரல் ஒட்டிக்கொண்டது. அம்மா பயந்துவிட்டார். என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் இழுக்காதே. இழுத்தால் தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை ஊறவிட்டு, விரல்களை உருட்டி உருட்டி மெல்லப் பிரிக்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அசிட்டோன் தொட்டும் பிரிக்கலாம். கண்ணிலோ உதட்டிலோ பட்டால் அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உன் விரலில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்தப் பசை இறுக அதுவே போதும், அதனால்தான் அவ்வளவு வேகமாக ஒட்டிக்கொண்டது. 1942-ல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடியபோது இந்தப் பொருளைப் பார்த்தார்கள். தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது.

இன்னொன்று, இதை அம்மாவிடமும் காட்டு. சூப்பர் க்ளூ கொட்டிவிட்டால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதே. பருத்தி பட்டதும் அது சடாரென்று இறுகும்; அப்போது வரும் சூடு கையைச் சுட்டுப் புண்ணாக்கும், சில சமயம் புகையே வரும். பருத்தி நூல் கட்டின் மேல் அதைத் தாராளமாக ஊற்றுவதும் இதனால்தான் கூடாது. கட்டுக்குப் பாலியஸ்டர் நூல் எடுத்துக்கொள்.

கேள்வி: பசைத் துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் குச்சிப் பசை பட்டத்துக்கு உதவுமா?

பதில்: வளைவு தாங்கும் இணைப்புக்கு உதவாது. குளிர்ந்த கார்பனில் பட்டதும் உறைந்து மேலோடு நின்றுவிடும், வெயிலில் இளகும். ஆனால் பிறகு கழற்ற வேண்டிய சின்ன விஷயங்களுக்கு நான் விரும்பி எடுப்பது அதைத்தான்: குழலுக்குள் காகித அடைப்பு, முனை மூடி, குச்சியின் மேல் நகராமல் நிற்க வேண்டிய வளையம். கொஞ்சம் சூடு காட்டினால் கழன்று வரும். அம்பு செய்கிறவர்களும் முனையை மாற்ற வசதியாக இந்த வகைப் பசையால் ஒட்டுவதுண்டு.

கேள்வி: கடற்கரையில் பறக்கவிடும் பெரிய பட்டத்துக்கு உள்குச்சியாக அலுமினியக் குழாய் போட்டேன். பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது. சில மாதங்களில் இணைப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்து, பிறகு கழன்றுவிட்டது. எந்தப் பசை உப்புக் காற்றைத் தாங்கும்?

பதில்: அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்து உண்டானது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புநீர் கசிந்தால் அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். பசைக்கு அடியில் இருக்கும் உலோகமே பொடியானால் எந்தப் பசையும் பிடிக்காது. அலுமினியம்தான் வேண்டும் என்றால், இரண்டும் எங்குமே நேரடியாகத் தொடாதபடி எபாக்ஸிப் படலம் முழுச் சுற்றும் இருக்க வேண்டும். செருகும் முன் குழாயின் மேல் ஒரு பூச்சுக் கொடுத்து இறுகவிட்டு, அதைத் தேய்த்து, மறுபடி பசை தடவி ஒட்டுங்கள். இரு முனைகளையும் பசையால் மூடி அடைத்துவிடுங்கள். பறக்கவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும், கார்பன் நீளவாக்கில் அநேகமாக விரியவே விரியாது. வெயிலும் குளிரும் மாறி மாறி அந்தப் பசையை அசைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் விறைப்பான பசையைவிடச் சற்று நெகிழும் எபாக்ஸி இங்கே நல்லது. கேட்டால் கார்பன் உள்குச்சிக்கே மாறிவிடச் சொல்வேன்.

மின்சாரத்தைக் கடத்தும் என்று சொன்னேனே, மின்கம்பி இருக்கும் பக்கம் கார்பன் குச்சிப் பட்டத்தைக் கொண்டுபோகவே கூடாது. மின்னல் வெட்டும் வானத்திலும் எந்தப் பட்டமும் பறக்கக் கூடாது.

கேள்வி: நுரைத்து இறுகும் பாலியூரிதேன் பசை இடைவெளியை நன்றாக நிரப்புகிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: நிரப்புகிறது, ஆனால் நிரம்புவது நுரை. நுரைக்கு வலு இல்லை. உப்பும்போது உள்குச்சியையும் இடத்தைவிட்டுத் தள்ளிவிடும். மூங்கிலிலோ மரத்திலோ இறுக்கமாகப் பொருந்தும் முகங்களுக்கு மெல்லிதாகத் தடவிக் கட்டி வைத்தால் நன்றாகப் பிடிக்கும், ஈரமும் தாங்கும். தளர்ந்த குழல் செருகலுக்கு வேண்டாம்.